யார் யாரை மன்னிப்பது, தோழர் மிக்?

தோழர் மிக் மெக்காஹி அவர்களே, எங்களை மன்னித்துவிட்டார்களாம்.

2022 ஜூன் மாதம் எடின்பரோ நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டுவிட்டார்கள். 1984–85 வேலைநிறுத்தத்தில் மறியல் செய்து தண்டனை வாங்கிய ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மன்னிப்பு. செத்தவர்களுக்கும் உண்டு. மனுப் போட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், தானாக வந்து சேர்ந்துவிடும். அதில் யார் பெயரும் கிடையாது. சட்டத்தைப் படித்துப் பார்த்து, “சரி, இது நம்மைத்தான் சொல்கிறது” என்று நாமே முடிவு செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

தூக்கம் வரவில்லை, தோழரே.

அந்த வேலைநிறுத்தத்தில் ஸ்காட்லாந்தில் வேலை பறிக்கப்பட்ட 206 பேரில் நானும் ஒருவன். பெயர் எதற்கு? எந்தச் சுரங்கம் என்பதும் வேண்டாம். அன்றைக்கு எங்களை வெளியே தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ஊர்க் கடைத்தெருவில் நடமாடுகிறார்கள். அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். என் வயிற்றெரிச்சல் ஆட்களைப் பார்த்து அல்ல. சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, முப்பத்தேழு வருடம் கழித்து வந்து, “போனால் போகிறது, மன்னித்தோம்” என்கிறார்களே, அந்தத் தோரணையைப் பார்த்துத்தான்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. 1925-இல் லனார்க்‌ஷயரின் ஷாட்ஸில் பிறந்தீர்கள். தவழ்ந்து எழுவதற்குள் 1926-இன் பொது வேலைநிறுத்தம் வந்துவிட்டது. உங்கள் அப்பா சுரங்கத் தொழிலாளி, கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அந்த வருடத்துப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். அப்புறம் வேலை தேடிக் குடும்பத்தோடு கேம்பஸ்லாங்குக்குப் பெயர வேண்டி வந்தது. ஆக, போராடினால் என்ன கிடைக்கும் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டில் படித்துவிட்டீர்கள். படித்தும், 14 வயதில் கேட்ஸைட் சுரங்கத்தில் இறங்கி, 18 வயதில் சங்கக் கிளையின் தலைவர் ஆனீர்கள். கால் நூற்றாண்டு நிலத்துக்கடியில் வேலை. எங்களைப் பற்றிப் பேசிய எத்தனையோ பெரிய மனிதர்களில், கரியைத் துப்பிப் பழகிய தொண்டை உங்களுடையது. அந்தக் கரகரப்பு மேடைக்காக வரவழைத்ததல்ல. தூசியும் சிகரெட்டும் சேர்ந்து செய்தது.

1967-இல் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவரானீர்கள். அந்த வருடம் செப்டம்பரில்தான் ஃபைஃப் கடற்கரையில் மைக்கேல் சுரங்கம் தீப்பிடித்து 9 பேர் செத்தார்கள். அதற்கு எட்டு வருடம் முன்பு ஆக்கன்கீக்கில் 47 பேர். நாங்கள் எப்படிப்பட்ட வேலையிலிருந்து துரத்தப்பட்டோம் என்பது எங்களை மன்னிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பூமிக்கு அடியில், பக்கத்தில் நிற்பவனை நம்பி உயிரை வைக்கிற வேலை. அவனை விட்டுவிட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவது எங்களால் முடியாது. “கருங்காலி” என்று நாங்கள் கத்தியது வெறும் வசவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

உங்களை அவர்கள் எப்படியெல்லாம் ஓரங்கட்டினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1974 ஜனவரியில், வேலைநிறுத்தத்தை உடைக்க ராணுவத்தைக் கொண்டுவந்தால் அந்தச் சிப்பாய்களிடமே ஆதரவு கேட்பேன் என்ற பொருளில் நீங்கள் பேசினீர்கள். சிப்பாய் யார்? எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே. ஆனால் தொழிற்கட்சி எம்.பி.க்களே நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து உங்களைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கன்சர்வேட்டிவ்காரன் அடித்தால் வலிக்கும். சொந்த வீட்டுக்காரன் அடித்ததற்கு என்ன பெயர்?

தேசியச் சங்கத் தலைவர் பதவியும் அப்படித்தான் போனது. 1971-இல் ஜோ கார்ம்லியிடம் தோற்றீர்கள், சரி, அது தேர்தல். அதற்கப்புறம் துணைத்தலைவராக நீங்கள் காத்திருக்க, அவர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. 55 வயதைத் தாண்டினால் போட்டியிட முடியாது என்பது விதி. நீங்கள் தாண்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு 1982-இல் ஓய்வு பெற்றார். அவர் போலீஸ் உளவுப் பிரிவுக்குத் தகவல் சொல்லி வந்தவர் என்று 2002-இல் பிபிசியில் முன்னாள் உளவு அதிகாரிகளே சொன்னபோது நீங்கள் உயிரோடு இல்லை. உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க ஆள் வைத்தவர்கள், உங்கள் ஸ்காட்லாந்து உச்சரிப்பு புரியாமல் திண்டாடினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எங்களுக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கிடைத்த விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

1984 மார்ச்சுக்கு வருகிறேன்.

நிலக்கரி வாரியத்துக்குத் தலைவராக வந்த இயன் மக்ரெகர், கின்லாக்லெவனில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 20 சுரங்கங்களைத்தான் மூடப்போகிறோம் என்றார்கள். இல்லை, எழுபதுக்கு மேல் மூடத் திட்டமிருக்கிறது என்று சங்கம் சொன்னது. பொய், புளுகு, சங்கத் தலைவர்கள் உங்களைக் குழியில் தள்ளுகிறார்கள் என்று ஜூன் மாதம் தொழிலாளர் வீடு வீடாக மக்ரெகரின் கையெழுத்தோடு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டி எத்தனை வீட்டில் சண்டை நடந்தது தெரியுமா? “இவ்வளவு பெரிய மனுஷன் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்வானா?” என்று கேட்ட மனைவிமார் உண்டு, மாமனார்கள் உண்டு. 2014 ஜனவரியில் அமைச்சரவைக் காகிதங்கள் வெளியே வந்தன. மூன்றே வருடத்தில் 75 சுரங்கங்களை மூடும் திட்டம், வேலைநிறுத்தத்துக்கு முன்பே, அவர்கள் கையில் இருந்திருக்கிறது. நாங்கள் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னவனுக்கு மன்னிப்பு, பொய்க் கடிதம் அனுப்பியவர்கள் மீது விசாரணைகூடக் கிடையாது.

பட்டினி போட்ட விதத்தையும் கேளுங்கள். சங்கத்திடம் வேலைநிறுத்தப் படி கொடுக்கப் பணமில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் சங்கம் வாரம் 15 பவுன் கொடுத்ததாகவே அரசாங்கம் கணக்கில் எழுதிக்கொண்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வர வேண்டிய உதவித்தொகையில் அதைப் பிடித்தது. வராத பணத்தை வந்ததாகச் சொல்லி, இருக்கிற பணத்தில் பிடித்தம். கல்யாணமாகாத பையன்களுக்கு அதுவும் இல்லை. தொழிலாளர் நலக் கூடங்களில் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். பெரிய அண்டாக்களில் சூப், உருளைக்கிழங்கோடு கொத்துக்கறி. கறி குறையக் குறைய உருளைக்கிழங்கு கூடும். குளிர்காலத்தில் கரி தோண்டியவன் வீட்டுக் கணப்பிலேயே கரி இல்லை. சாக்கை எடுத்துக்கொண்டு, சுரங்கத்துக் கழிவு மேட்டில் இருட்டில் ஏறி, விரல் மரத்துப்போகக் கிளறிப் பொறுக்கினோம். ஒரு சாக்கில் பாதி கல்தான் இருக்கும். அடுப்பில் போட்டால் படீரென்று வெடித்துச் சிதறும். பிள்ளைகளைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார விடமாட்டோம். எங்களைத்தான் அந்தப் பிரதமர் அம்மாள் ‘உள்ளிருக்கும் எதிரி’ என்றார்.

போலீஸ் கதைக்கு வருகிறேன். ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலையை அணைத்துவிட வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. உலை குளிர்ந்து பாழாகாமல் இருக்க எவ்வளவு கரி வேண்டுமோ அவ்வளவு விட, உருக்குத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினீர்கள். ஸ்காட்லாந்தின் தொழில் அத்தனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றைத் தள்ளினால் மற்றதும் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஹன்டர்ஸ்டன் துறைமுகத்திலிருந்து லாரி லாரியாகக் கரி போக ஆரம்பித்தது. தடுக்கப் போனோம். மே 10-ஆம் தேதி அங்கே புறப்பட்ட எங்கள் பேருந்துகளை ஸ்டெப்ஸ் அருகே நடுச்சாலையில் நிறுத்தினார்கள். மறியல் நடக்கும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. ஏறக்குறைய 290 பேரை அங்கேயே அள்ளினார்கள். ஒரே காலையில், ஒரே சாலையில். மறியல் செய்யப் போவதே குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தது? (உருக்காலையும் 1992-இல் மூடிவிட்டது. நாங்கள் மூடவில்லை.)

குற்றச்சாட்டு என்ன? பெரும்பாலும் ‘பொது அமைதிக்குக் குந்தகம்’. கேட்கச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? சூட்சுமமே அங்கேதான் இருந்தது. இங்கிலாந்தில் ஆர்க்ரீவ் மறியலுக்குப் பிறகு கலவரம் என்று பெரிய வழக்காகப் போட்டார்கள். பெரிய வழக்கென்றால் ஜூரி வரும், குறுக்கு விசாரணை வரும். 1985-இல் அந்த வழக்கு நீதிமன்றத்தில் நொறுங்கி விழுந்தது. 1991-இல் தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுன் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. எங்களுக்குப் போட்டது சின்ன வழக்கு. சின்ன வழக்குக்கு ஜூரி இல்லை. ஷெரிஃப் ஒருவரே கேட்டு, அவரே முடிவு சொல்லிவிடுவார். ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஒருவர் சாட்சி போதாது, இரண்டு பேர் வேண்டும். இரண்டு கான்ஸ்டபிள்கள் போதும், ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதிக்க. அவர்கள் தோளோடு தோள் நின்றவர்கள். ஒரே வரியில் ஒரே மாதிரி சொல்வார்கள். எங்கள் பக்கத்துச் சாட்சி யார்? பக்கத்தில் நின்ற இன்னொரு சுரங்கத் தொழிலாளி. அவன் பேச்சு எடுபடுமா? அதற்கும் முன்னால் ஜாமீன் நிபந்தனை: சொந்தச் சுரங்க வாசலைத் தவிர வேறெங்கும் மறியலுக்குப் போகக் கூடாது. வழக்கு நடப்பதற்குள் தண்டனை தொடங்கிவிடும்.

அபராதத்தைக் கட்டினோம். ஊர் சேர்ந்து கட்டியது, சங்கம் கட்டியது. அது போய்த் தொலையட்டும். எங்களைக் கொன்றது அபராதம் இல்லை, தோழரே. அபராத ரசீதைத் தொடர்ந்து வந்த வேலை நீக்கக் கடிதம்தான்.

பிரிட்டன் முழுவதும் ஒரே வாரியம், ஒரே வேலைநிறுத்தம். ஆனால் மற்ற இடங்களைவிட ஸ்காட்லாந்தில் கைதாக இரண்டு மடங்கு வாய்ப்பு, வேலை போக மூன்று மடங்கு வாய்ப்பு. எங்கள் ஆட்கள் என்ன மூன்று மடங்கு முரடர்களா? வேறு பகுதிகளில் இதே மாதிரி வழக்கில் சிக்கியவனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தார்கள். இங்கே நீதிமன்றம் “குற்றவாளி இல்லை” என்று விடுவித்தவனையும் உள்ளே விடவில்லை. நீதிமன்றம் விட்டாலும் நிர்வாகம் விடாது என்றால் நீதிமன்றம் எதற்கு? யார் சங்கக் கிளையில் பொறுப்பில் இருந்தார்கள், யார் வாய் திறந்து பேசுவார்கள் என்று பார்த்துப் பார்த்துக் களையெடுத்தார்கள் என்று நான் சொன்னால், “கசப்பில் பேசுகிறான் கிழவன்” என்பார்கள். ஆமாம், கசப்புத்தான். இனிப்பாகப் பேச என்ன இருக்கிறது?

1985 மார்ச்சில் லண்டனில் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ள வாக்களித்தார்கள். வேலை போனவர்களைத் திரும்பச் சேர்க்காமல் உள்ளே போக மாட்டோம் என்று ஸ்காட்லாந்து இன்னும் சில நாட்கள் நின்றது. ஃபாலின் ஊர்க்காரர்கள், போல்மெய்ஸ் சுரங்கத்தினர், எல்லோருக்கும் முன்னே தொடங்கி எல்லோருக்கும் பின்னே முடித்து, 56 வாரம் நின்றார்கள். எங்களுக்காக நின்றார்கள். அதை மறந்தால் நான் மனிதனே இல்லை. ஆனால் எத்தனை நாள் நிற்க முடியும்? கொடி பிடித்து வாத்தியம் வாசித்துக்கொண்டு அவர்கள் சுரங்கத்துக்குள் போனார்கள். வாசல் வரைக்கும் கூடப் போனோம். அதற்கப்பால் எங்களுக்கு இடமில்லை.

இங்கே உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். தேசிய அளவில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன? விதிமுறையைக் காட்டி எங்களை முடக்க விடமாட்டோம் என்ற பொருளில் நீங்கள் அன்று சொன்னபோது நானும் கைதட்டினேன். அவனவன் வேலையைக் காப்பாற்ற இன்னொருவனின் ஓட்டு எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் “வாக்கெடுப்பு நடத்தாத சங்கம்” என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருடமாக எங்கள் வாயை அடைக்கிறார்கள். நாட்டிங்ஹாம்ஷயருக்குள் கூட்டமாக மறியலுக்குப் போனது தவறு என்று பிற்பாடு நீங்களே வருந்தியதுண்டு. அது எனக்கு ஆறுதலாக இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்த தேசியச் சங்கத் தலைவரை நீங்கள் வெளியில் விட்டுக்கொடுக்கவில்லை; அது உங்கள் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டின் விலையில் ஒரு பகுதியை நாங்களும் கொடுத்தோம்.

விலையைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சுரங்கத்தை மூடி ஆளை அனுப்பினால், சேவை ஆண்டு ஒன்றுக்கு 1000 பவுன் ஈடு. 15 வருடம் வேலை பார்த்தவனுக்கு 15,000 பவுன். எங்கள் ஊரில் அன்றைக்கு அது வீடு வாங்கும் பணம். எங்களோடு மறியலில் நின்று, அதிர்ஷ்டவசமாகப் போலீஸ் கையில் மாட்டாதவன், இரண்டு வருடம் கழித்துச் சுரங்கம் மூடியபோது அந்தப் பணத்தோடு போனான். வாழட்டும், அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. நான் வெறுங்கையோடு போனேன். ஓய்வூதியக் கணக்கு அங்கேயே அறுந்தது. அப்புறம் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், “முன்னே எங்கே இருந்தாய், ஏன் விட்டாய்?” என்ற கேள்வி. உண்மையைச் சொன்னால் கதவு மூடும். எங்களில் சிலரை வாரியமே பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. மற்றவர்களில் குடியில் விழுந்தவர் உண்டு, குடும்பம் உடைந்தவர் உண்டு, ஊரைவிட்டே போனவர் உண்டு. ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான லாங்கானெட் 2002-இல் வெள்ளம் புகுந்து மூடியது. இனி என்னைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் ஒரு சுரங்கம் கிடையாது.

இப்போது இந்த மன்னிப்புக்கு வருகிறேன். 1968-இல் ஸ்காட்லாந்துத் தொழிற்சங்கக் காங்கிரசில், ஸ்காட்லாந்துக்கென்று ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்ற தீர்மானத்தைச் சுரங்கத் தொழிலாளர் சார்பில் நீங்கள் கொண்டுபோனீர்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நம் ஆட்களிலேயே இருந்தார்கள். முப்பது வருடம் விடாமல் அதைச் சொன்னீர்கள். 1999 ஜனவரி 30-ஆம் தேதி, சுரங்கம் தின்ற நுரையீரலோடு நீங்கள் போனீர்கள். மே மாதம் அந்த நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல்.

அந்த நாடாளுமன்றம்தான் எங்களை மன்னித்தது. குறை மட்டும் சொல்ல மாட்டேன். 2018-இல் விசாரணை வைத்தார்கள். ஜான் ஸ்காட் என்ற வழக்கறிஞர் தலைமையில் வந்து ஊர் ஊராக உட்கார்ந்து கேட்டார்கள். அதுவரை எந்த அதிகாரியும் எங்கள் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து “சொல்லுங்கள்” என்று கேட்டதில்லை. அழுதவர்கள் இருந்தார்கள். லண்டன் அரசாங்கம் அப்போது அந்த அளவுக்குக்கூட வரவில்லை. ஆனால் சட்டம் என்று வந்தபோது? தண்டனை ரத்தாகவில்லை, தீர்ப்பு அப்படியே ஏட்டில் கிடக்கிறது, அதன் மேல் மன்னிப்பு. நஷ்டஈட்டுக்கும் வழி செய்யுங்கள் என்று தொழிற்கட்சி உறுப்பினர் ரிச்சர்ட் லெனர்ட் கொண்டுவந்த திருத்தத்தை வாக்கெடுத்துத் தள்ளிவிட்டார்கள். வேலைவாய்ப்புச் சட்டம் லண்டன் கையில் இருக்கிறது, எங்கள் அதிகாரத்தில் இல்லை என்றார்கள்.

எங்களைப் பிடித்தது ஸ்காட்லாந்துப் போலீஸ். தண்டித்தது ஸ்காட்லாந்து நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களை வெளியே தள்ளினார்கள். பணம் என்று வந்ததும் மட்டும் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் கேட்ட நாடாளுமன்றம் இதற்காகவா?

மன்னிப்பை யாரும் என்னிடம் திரும்பக் கேட்க முடியாது; அதனால் அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன கணக்கு. வேலைக்குச் சேர்ந்த வருடம், தள்ளப்பட்ட வருடம், ஆண்டுக்கு 1000 பவுன், அறுந்துபோன ஓய்வூதியம். எங்களில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ண ஒரு மதியம் போதும். எடின்பரோவும் லண்டனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். யார் காசோலையில் கையெழுத்துப் போட்டாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் போய்விட்டால் என் மனைவி பெயருக்கு எழுதட்டும். அந்தக் குளிர்காலத்தில் அண்டாவைக் கிளறியவள் அவள்தான்.